கொள்வனவுக்கு யாரைக் கூட்டிப் போகிறீர்கள்?

எமது சமூகத்தில் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இன்னமும் குறைவில்லை. தமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பவர்கள்தான் குறைந்து வருகின்றனர். புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெரு, கெய்சர் வீதி, பழைய சோனகத் தெரு என்று போய் வருபவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். முப்பது, நாற்பது வருடங்களாக நல்ல பெயரோடு நடந்த கடை, முதலாளி நோயில் விழுந்த ஓரிரு வருடங்களுக்குள் வாடகைக்கு விடப்படுகிறது. மகன் இருக்கிறார், படித்தும் இருக்கிறார். பதினைந்து வருடம் அதே கடையில் நின்ற ஊழியரும் இருக்கிறார். ஆனாலும் கடை நிற்பதில்லை. காரணம் கேட்டால் டொலர் விலை, ஒன்லைன் வியாபாரம், வரி என்று சொல்வார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அதே டொலர் விலையில், அதே வரியைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கடை நடக்கத்தானே செய்கிறது?

என்னுடைய அபிப்பிராயத்தில், அநேகமான இடங்களில் முதலாளியின் தலைக்குள் இருந்த வியாபாரம் அவரோடு சேர்ந்து போய்விடுகிறது.

பழைய முறையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. அக்குறணையிலிருந்தோ மாவனல்லையிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ ஒரு பொடியன் கடைக்கு வருவான். மேல்மாடியில் படுக்கை, முதலாளி வீட்டுச் சாப்பாடு. முதல் வருடம் கூட்டுவதும் தேநீர் வாங்கி வருவதும்தான் வேலை. பிறகு சாமான் கட்டுவது, நாட்டாமைமாரோடு நின்று லொறியில் ஏற்றி இறக்குவது. அதன் பிறகு மேசையில் நின்று விற்பது, பில் எழுதுவது, வங்கிக்குப் போவது, வெளியூர்க் கடைகளுக்குப் போய்க் காசு சேர்த்து வருவது. யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லை. பார்த்துப் பழக வேண்டும். பிழை விட்டால் ஏச்சு விழும். இப்படி வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர் பிற்காலத்தில் தாமே முதலாளிகளாகி, இன்னும் பத்துப் பேருக்குத் தொழில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த முறையிலும் இரண்டு விடயங்கள் இலேசில் காட்டப்படுவதில்லை. கொள்வனவும் கடனும்தான் அவை. சில கடைகளில் சாமானின் கொள்விலையை எண்ணில் எழுதமாட்டார்கள்; பத்து எழுத்துக்களைக் கொண்ட ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, எழுத்துக்களாலேயே விலையைக் குறித்து வைப்பார்கள். அந்தச் சொல் முதலாளிக்கும் மகனுக்கும் மட்டுமே தெரியும். பத்து வருடம் நின்ற ஊழியருக்கும் தெரியாது. இன்று பார்கோட் மெஷினும் கணினியும் வந்த பிறகு அந்த இரகசியத்துக்கு அர்த்தமில்லை. கெஷியர் மேசையில் இருக்கும் பிள்ளை நினைத்தால் கொள்விலையைப் பார்த்துவிடலாம். மெஷின் மாறிவிட்டது. மறைக்கும் மனம் மாறவில்லை.

கொள்வனவு என்பது விலை பேசுவது மட்டுமல்ல. துணி வாங்கப் போகும் ஒரு பழைய வியாபாரி விரல்களுக்கிடையில் துணியைத் தேய்த்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார். பருத்தி என்றால் கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கட்டியாகிவிடும். எந்த நிறம் கண்டியில் ஓடும், எது கல்முனையில் ஓடும், பெருநாளைக்கு எத்தனை மாதத்துக்கு முன் ஓர்டர் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடன் விடயமும் அப்படியே. விலை பேசிப் பேசி உயிரை எடுக்கும் வெளியூர்க் கடைக்காரரைக் கண்டு அவர் பயப்படமாட்டார். கேட்ட விலைக்குத் தலையாட்டி, கடனுக்கு அள்ளிக்கொண்டு போகிறவரைக் கண்டால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் உள்ளவன்தானே விலை பேசுவான்! திகதி போட்ட செக் ஒன்று திரும்பி வந்தால் எந்த ஆளை உடனே பிடிக்க வேண்டும், எந்த ஆளுக்கு இன்னொரு மாதம் கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இவற்றில் எதுவும் எந்தக் கொப்பியிலும் இல்லை.

இப்போது கடைக்கு வரும் இளைஞர் யார் என்று பார்ப்போம். 2021ஆம் ஆண்டில் எமது நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. நல்ல சட்டம். ஆகவே முன்பு போல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வந்து கடையோடு வளரும் பொடியன் இனி இல்லை, இருக்கவும் கூடாது. இன்று வருபவர் சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு, பதினேழு, பதினெட்டு வயதில், கையில் ஒரு போனோடு வருகிறார். அந்தப் போனில் அவருடைய கூட்டாளிமார் டோஹாவிலிருந்தும் டுபாயிலிருந்தும் படம் அனுப்புகிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக இந்நாட்டைவிட்டுச் சென்றனர். இரண்டு வருடம் கூட்டிக்கொண்டும் தேநீர் எடுத்துக்கொண்டும் நில், பிறகு பார்க்கலாம் என்று இவரிடம் சொன்னால் மூன்றாம் மாதம் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிடுவார். "இந்தக் காலத்துப் பொடியன்மாருக்குப் பொறுமையில்லை" என்று முதலாளிமார் குறைப்படுகிறார்கள். பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதை அவருக்கு யாராவது சொன்னார்களா என்பதே எனது கேள்வி.

மகனின் கதை வேறு. அவர் ஏ.சி.சி.ஏ. அல்லது சீமா முடித்திருப்பார். சிலர் மலேசியாவிலோ இங்கிலாந்திலோ பட்டம் பெற்றிருப்பார்கள். கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஸ்டொக் கணக்கு சரியில்லை, கடன் அதிகம், ஆட்கள் அதிகம் என்று கண்டுபிடிப்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். வாப்பாவுக்குக் கோபம் வருவதும் அதனால்தான். மகனுடைய படிப்பும் வாப்பாவின் அனுபவமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று இரு தரப்பாரும் எண்ணிக்கொள்வது வீண் வேலை. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா வரை ஏறியது. அந்த நாட்களில் பழைய கொள்விலையோடு வழமையான இலாபத்தை வைத்து விற்றவரின் கடையில் கூட்டம் அலைமோதியது. எல்லாம் விற்று முடிந்த பிறகுதான், கையிலுள்ள காசுக்கு முன்பு வாங்கிய அளவு சாமானை வாங்க முடியாது என்பது விளங்கியது. திரும்ப வாங்கும் விலையை வைத்தே விற்பனை விலையைப் பார்க்க வேண்டும் என்பதை மகன் புத்தகத்தில் படித்திருப்பார். விலை ஏறும் காலத்தில் சாமானைக் காசாக்கிவிட்டு நிற்கக்கூடாது என்பதை வாப்பா பட்டுத் தெரிந்திருப்பார். இருவரும் ஒரே விடயத்தைத்தான் இரண்டு பாஷையில் சொல்கிறார்கள். இருவரும் ஒரு மணித்தியாலம் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால் போதும்.

மேல்நாட்டுக் கொம்பனிகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் தலைவராக இருந்த ஜெக் வெல்ச், 1999ஆம் ஆண்டு தனது உயர் அதிகாரிகள் 500 பேரை அழைத்து, ஆளுக்கொரு இளம் ஊழியரைத் தேடிப் பிடித்து அவரிடம் இன்டர்நெட் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார். தாமும் ஒருவரிடம் கற்றார். மூத்தவர் இளையவரிடம் கற்பது மானப் பிரச்சினை அல்ல என்பதைத் தலைவரே காட்டினால்தான் மற்றவர்கள் செய்வார்கள். எமது ஹாஜியார்மாரும் கற்கத்தான் செய்கிறார்கள். வட்ஸ்அப்பில் டிசைன் அனுப்புவதையும் ஒன்லைனில் வங்கிக் கணக்குப் பார்ப்பதையும் வீட்டில் பேரப்பிள்ளையிடம் இரகசியமாகக் கற்றுக்கொள்கிறார்கள். கடைக்குள், பேஸ்புக் லைவ் போட்டுச் சாமான் விற்கத் தெரிந்த பத்தொன்பது வயதுப் பொடியனிடம் "இதை எனக்கும் ஒருக்கால் காட்டு" என்று கேட்க மனம் வருவதில்லை. கேட்டுப் பார்த்தால் தெரியும், அந்தப் பொடியன் அன்றிலிருந்து கடையை வேறு கண்ணால் பார்ப்பான்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. கடையில் முப்பது வருடமாக நிற்கும் நானா ஒருவர் இருப்பார். உங்களைச் சிறு வயதில் கைபிடித்துக் கடைக்குக் கூட்டி வந்தவராகவும் இருக்கலாம். அவருக்குக் கணினி வராது, ஆனால் எந்த வெளியூர்க் கடைக்காரர் எப்போது காசு தருவார் என்று தெரியும். அவரை மற்றவர்கள் முன்னிலையில் பெயர் சொல்லி அழைத்து, "இது ஏன் என்ட்ரி போடவில்லை?" என்று கேட்ட அன்றே நீங்கள் அவரை இழந்துவிட்டீர்கள். அவர் வேலையை விட்டுப் போகமாட்டார், போக இடமில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்துவிடுவார். அந்த நட்டம் எந்த ஐந்தொகையிலும் வராது.

இனி, வேறு சமூகத்தைச் சேர்ந்த ஊழியர்கள். கொழும்பிலும் கண்டியிலும் எமது கடைகளில் சிங்களச் சகோதரர்களும் மலையகத் தமிழ்ப் பிள்ளைகளும் ஏராளமாக வேலை செய்கிறார்கள். மூத்த தலைமுறை முதலாளிமார் பலர் சிங்களத்தைச் சந்தையில் கற்றவர்கள். சரளமாகப் பேசுவார்கள். ஆனால் அந்தச் சிங்களத்தில் வா என்பதற்கு 'வரெங்', போ என்பதற்கு 'பலயங்', நீ என்பதற்கு 'உம்ப' என்பவைதான் அதிகம். நாற்பது வருடத்துக்கு முன்பு நாட்டாமையோடு பேசிய பேச்சு அது. உயர்தரம் படித்த ஒரு பிள்ளையிடம் அதே பேச்சைப் பேசினால் அவர் அதை ஏச்சாகவே எடுத்துக்கொள்வார். மரியாதையாக 'வாருங்கள்' என்பதற்கு அவர்களிடம் இருக்கும் சொல் எமது காதுக்கு 'என்ன' என்று கேட்கும். சொல்வதற்கு எவ்வளவு இலேசு! எம்மை யாராவது 'தம்பியா' என்று அழைத்தால் எமக்குச் சுருக்கென்று தைக்கிறது அல்லவா? மலையகப் பொடியனை 'டேய்' என்று கூப்பிடும்போது அவனுக்கும் அப்படித்தான் இருக்கும். இளைய தலைமுறையினர், குறிப்பாகச் சிங்கள மொழிமூலம் படித்தவர்கள், இதில் வாப்பாமாரைவிட மேல். அவர்கள் வாப்பாவுக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள பாடம் கணினியைவிட இதுவாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டு விடயமும் சின்ன விடயமல்ல. கடையில் எல்லோருக்கும் பார்சல் எடுக்கும்போது, மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கு வேறு கறி சொல்ல வேண்டும் என்பதை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா? நோன்பு மாதத்தில் மேல்மாடியின் சமையலறை மூடிக் கிடக்கும்போது முஸ்லிமல்லாத ஊழியர் பகல் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடுகிறார்? மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்து சாப்பிடும் நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவரிடமிருந்து கடைப்பற்றை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

லீவு விடயம் இதைவிடச் சிக்கலானது. சாதாரணமாகப் பெருநாளைக்கு எமது பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது சிங்கள ஊழியர்கள் கடையைப் பார்த்துக்கொள்வார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் போகும்போது எமது பிள்ளைகள் நிற்பார்கள். 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் சில நாட்கள் இடைவெளியில் வந்து சேர்ந்தன. வருடத்தின் மிகப் பெரிய வியாபாரமும் அந்த இரண்டு வாரங்களுக்குள்தான். முன்கூட்டியே எல்லோரையும் கூப்பிட்டுப் பேசி, தூரத்து ஊர்க்காரர் முதலில், கிட்டத்து ஊர்க்காரர் பிறகு என்று அவர்களையே பிரித்துக்கொள்ளச் சொன்ன கடைக்குத்தான் அந்த வாரங்களைச் சமாளிக்க முடியும். கடைசி நேரத்தில் "யாருக்கும் லீவில்லை" என்று அறிவித்தால், லீவு எடுக்காமலே போய்விடுவார்கள். பெருநாள் வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்வதால் இந்த மோதல் இப்போதைக்கு விலகிவிட்டது. ஆனால் பேசி முடிவெடுக்கும் பழக்கம் வேறு எத்தனையோ சந்தர்ப்பங்களில் உதவும்.

2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. அவ்வருடம் மே மாதத்தில் மினுவாங்கொடையில் எமது கடைகள் எரிந்தன. முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரசாரமும் நடந்தது. அப்போது சில முதலாளிமார் அவசர அவசரமாகச் சிங்களப் பிள்ளைகளைக் கடையின் முன்பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆபத்துக் காலத்தில் செய்ததைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனினும், முன்னால் ஒரு முகமாக மட்டும் நிறுத்தப்படுவது அந்தப் பிள்ளைக்கும் விளங்கும், வாடிக்கையாளருக்கும் விளங்கும். அதே பிள்ளையைக் கொள்வனவுக்குக் கூட்டிப் போயிருந்தால், கடன் கொப்பியைப் பார்க்கவிட்டிருந்தால், அவர் அந்தக் கடையைத் தனது கடை என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார்.

இது நடக்காத காரியம் என்று எண்ணுபவர்கள் ஹேமாஸ் கொம்பனியைப் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டு ஷேக் ஹசனலி எசுபலி அவர்களால் மருந்து வியாபாரமாக ஆரம்பிக்கப்பட்ட ஒரு போரா குடும்பத்தின் தொழில் அது. 2003இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு அந்தக் குழுமத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாகக் கஸ்தூரி செல்லராஜா வில்சன் நியமிக்கப்பட்டார். குடும்பத்தையும் சேராதவர், போரா சமூகத்தையும் சேராதவர், ஒரு பெண்மணி. வெளியிலிருந்து திடீரெனக் கொண்டுவரப்பட்டவருமல்லர். குழுமத்துக்குள்ளேயே பல பொறுப்புகளைப் பார்த்து மேலே வந்தவர். குடும்பம் கொம்பனியை இழந்துவிடவில்லை. பெரிய கொம்பனிக்குச் சரி, எமது சிறிய கடைக்குச் சரிவருமா என்று கேட்பீர்கள். அதுவும் 1948இல் பெரிய கொம்பனியாக இருக்கவில்லை.

உண்மையில் முதலாளிமாரின் பயம் வேறு. கற்றுக்கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்பதே அது. போடத்தான் செய்வான், சிலர். ஆனால் பழைய முதலாளிமார் இதைக் கையாண்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல ஊழியர் ஒருவர் தனியாகக் கடை போட விரும்பினால், முதல் சரக்கைக் கடனுக்குக் கொடுத்து அவரை வெளியூரில் உட்கார வைத்தவர்கள் இருந்தார்கள். அவர் எதிரியாகவில்லை, நிரந்தரமான மொத்தக் கொள்வனவாளராகிவிட்டார். கற்றுக்கொடுக்காமல் விரட்டப்பட்டவர்தான் எதிரில் கடை போட்டு விலையை உடைக்கிறார், ஏனென்றால் விலை உடைப்பதைத் தவிர வேறு வியாபாரம் அவருக்குத் தெரியாது.

அடிப்படைக் கடமைகளைச் செய்யாமல் இவை எதையும் பேசிப் பயனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். முதலாவது 1958ஆம் ஆண்டுச் சட்டம், அடுத்தது 1980ஆம் ஆண்டுச் சட்டம். சேர்ந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஐந்து வருடம் "நாட்சம்பளம்" என்று எழுதி வைத்திருக்கும் ஒருவருக்கு எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. கிராமத்து முஸ்லிம் பிள்ளைக்கும் இதே கதைதான். "எங்கட ஆள்தானே" என்று அவருக்குக் கட்டாமல் விடுவதும் நடக்கிறது.

செய்யக்கூடிய காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவத்துக் கொள்வனவுக்குக் குவாங்சௌவுக்கோ சென்னைக்கோ போகிறீர்கள், அல்லது நான்காம் குறுக்குத் தெருவுக்குத்தான் போகிறீர்கள். வழமையாகத் தனியே, இல்லாவிட்டால் இன்னொரு முதலாளியோடு போவீர்கள். இம்முறை மகனையும் கடையிலுள்ள ஒரு ஊழியரையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள். வெளிநாட்டுச் செலவு கட்டாவிட்டால் உள்ளூர்க் கொள்வனவிலிருந்து ஆரம்பியுங்கள். ஊழியர் எந்தச் சமூகத்தவர் என்று பாராமல், வாடிக்கையாளர் யாரைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்து ஆளைத் தெரிவு செய்யுங்கள். இருவருக்கும் ஒவ்வொரு சிறு தொகையை ஒதுக்கி, ஒரு வகைச் சாமானை அவர்களே தெரிந்து, அவர்களே விலை பேசி வாங்க விடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். இதுதான் முதலாளிமாருக்கு மிகக் கஷ்டமான பகுதி. வாங்கிய சாமான் தனி அலுமாரியில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து எவ்வளவு விற்றது, எவ்வளவு தேங்கியது என்று மூவரும் கணக்குப் பார்த்து, தேங்கியதற்கான காரணத்தை முதலில் அவர்களிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த காரணத்தை அதன் பிறகு சொல்லுங்கள்.